லேப்டாப் திரை வாங்கும் முன் அதன் முதுகைப் பாருங்கள்

உடைந்த லேப்டாப் திரைக்கு மாற்று வாங்கும்போது லேப்டாப்பின் மாடல் பெயரை நம்பாதீர்கள். திரையைக் கழற்றி, அதன் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டிலுள்ள எண்ணைக் கொடுத்து வாங்குங்கள். ஒரே மாடலிலேயே 30 பின் கனெக்டர் (கேபிள் செருகும் இடத்தில் 30 உலோக முனைகள்) உள்ள திரையும் 40 பின் உள்ள திரையும் வருவதுண்டு. ஒன்றின் கேபிள் மற்றதில் செருகாது. எண்ணைப் பார்த்து வாங்கினால், மதுரையிலிருந்து ராமேசுவரத்துக்குக் கூரியரில் வரவழைத்துத் திருப்பி அனுப்பும் செலவாவது மிச்சமாகும்.

கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். கேபிள் முனையையும் கவனியுங்கள். நம் கரையோர உப்புக்காற்று அதையும் விடுவதில்லை; பச்சை பூத்திருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் மாட்டுங்கள்.

தொடுதிரை லேப்டாப்புக்கு, திரையை மட்டும் வாங்கி மாற்றும் இந்த வழி பெரும்பாலும் உதவாது. அங்கே திரை கண்ணாடியோடு ஒட்டியே இருக்கும். பிரிக்கப் போனால் இரண்டும் போகும்.