கேஷியர் இன்டர்வியூவில் வாய்ப்பைக் கெடுக்கும் பதில்கள்

பில்லிங் மெஷினைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பலர் கேஷியர் இன்டர்வியூவுக்குப் போகிறார்கள். மெஷினைச் சில நாளில் யாருக்கும் பழக்கிவிடலாம். கேட்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு: கல்லாவை உங்களிடம் விட்டுவிட்டு அவர் நிம்மதியாக வேறு வேலை பார்க்க முடியுமா?

அதனால் அநேகமாக இந்தக் கேள்வி வரும்: “ஷிஃப்ட் முடிந்து எண்ணும்போது பணம் குறைகிறது. என்ன செய்வீர்கள்?” நல்ல பெயர் வாங்க நினைப்பவர்கள் சட்டென்று, “என் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டிவிடுவேன்” என்பார்கள். கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் மேனேஜருக்கு வயிற்றைக் கலக்குவது இந்தப் பதில்தான். யாருக்கோ மீதி அதிகமாகப் போயிருக்கலாம். கார்டில் கட்டிய பில் ரொக்கம் என்று பதிவாகியிருக்கலாம். நீங்கள் சாப்பிடப் போனபோது இன்னொருவர் அதே கல்லாவில் உட்கார்ந்திருக்கலாம். கைக்காசு போட்டால் தடயமே அழிந்துவிடும். இன்று போடுகிறவர், நாளை பணம் அதிகம் இருந்தால் எடுத்துக்கொள்ளவும் செய்வார் என்ற சந்தேகமும் கூடவே வரும். “எனக்கெல்லாம் குறையவே குறையாது” என்பதும் எடுபடாது. ரொக்கம் கையாண்ட யாரும் அதை நம்ப மாட்டார்கள்.

இப்படிச் சொல்லுங்கள்: திரும்ப எண்ணுவேன், காலையில் சில்லறைக்காகக் கொடுத்த பணத்தைக் கழித்தேனா என்று பார்ப்பேன், கார்டு சீட்டுகளையும் கேன்சல் செய்த பில்களையும் சரிபார்ப்பேன், அப்படியும் இடித்தால் சூப்பர்வைசரிடம் சொல்லி எழுதி வைப்பேன். இவ்வளவு போதும். பணம் கூடுதலாக இருந்தாலும் இதே பதில்தான். யாரோ ஒருவருக்கு மீதி குறைவாகப் போயிருக்கலாம் அல்லவா.

முன்பு வேறு கடையில் இருந்தவர்கள் அனுபவத்தைக் காட்டுகிறேன் என்று, அங்கே தினமும் எவ்வளவு சேரும், லாக்கர் சாவி யாரிடம் இருக்கும், எத்தனை மணிக்குப் பணம் வங்கிக்குப் போகும் என்றெல்லாம் கொட்டிவிடுவார்கள். நாளை நம் கடையைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார் என்று எதிரில் இருப்பவர் அப்போதே முடிவு செய்துவிடுவார். பழைய முதலாளியைத் திட்டுவதைவிட இது மோசம்.

சில இடங்களில் அங்கேயே மீதி கொடுத்துக் காட்டச் சொல்வார்கள். வேகம் காட்டப் போய்ச் சறுக்குவது இங்கேதான். பில் 63, வாடிக்கையாளர் கொடுப்பது 100 என்று வையுங்கள். மனதில் கழிப்பதைவிட ஏறுமுகமாக எண்ணிக் கொடுப்பது பத்திரம்: 2 வைத்தால் 65, 5 வைத்தால் 70, 30 வைத்தால் 100. ஆக, மீதி 37. அதற்குள் “இருங்க, 3 சில்லறை இருக்கு” என்று நீட்டுவார். கையில் எடுத்ததை வைத்துக்கொண்டு தடுமாறாமல், அதைத் திரும்பப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள்: 103-இல் 63 போக 40. மீதியை அவர் வாங்கிக்கொள்ளும் வரை அவர் கொடுத்த நோட்டைக் கல்லாவுக்கு வெளியே வைத்திருப்பேன் என்றும் சொல்லுங்கள். ‘நான் கொடுத்தது பெரிய நோட்டு’ என்ற தகராறுக்கு அப்புறம் இடமே இல்லை.

‘வாடிக்கையாளர் சொல்வதே சரி’ என்று ஒப்பிப்பதும் வேண்டாம். அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்று ஒருவர் கத்துகிறார், பின்னால் வரிசை நீள்கிறது. நானே விலையைக் குறைத்துவிடுவேன் என்றால் உங்களுக்கு இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறீர்கள். அந்தப் பில்லை நிறுத்தி வைத்து, விலையைப் பார்க்க ஆளைக் கூப்பிட்டு, அடுத்தவரைக் கவனிப்பேன் என்பதுதான் வேலை தெரிந்தவர் பதில். உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் வந்து, “இதை மட்டும் ஸ்கேன் பண்ணாம விட்டுடு” என்றால்? சிரித்து மழுப்பாதீர்கள். தெரிந்தவர்களை வேறு கவுண்டருக்கு அனுப்பிவிடுவேன் என்று நேராகச் சொல்லுங்கள்.

ஷிஃப்ட் விஷயத்தில் பொய் கூடாது. எந்த நேரமும் வருவேன் என்று வேலை வாங்கிவிட்டு, முதல் வாரமே ஞாயிற்றுக்கிழமை முடியாது என்றால் இரண்டு பக்கமும் கசப்புதான்.

கடைசியில், “ஏதாவது கேட்க வேண்டுமா?” என்றதும் “ஒன்றுமில்லை” என்று எழுந்துவிடாதீர்கள். ஒரு கல்லாவை எத்தனை பேர் தொடுவார்கள், குறையும் பணத்தைச் சம்பளத்தில் பிடிப்பார்களா, இந்த இரண்டையும் கேளுங்கள். நான்கு பேர் கைவைக்கும் கல்லாவுக்கு நீங்கள் ஒருவரே பொறுப்பு என்று பதில் வந்தால், சேர்வதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.