தொடை எலும்பின் முறுக்கை முப்பரிமாண மாடலில் அளப்பது எப்படி?

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ பைக்கோடு சறுக்கி, தொடைக்குள் ராடு வைத்தவர் வந்து, "எலும்பு கூடிருச்சுங்க, பாதந்தான் வெளிப்பக்கமா திரும்பி நிக்குது" என்கிறாரா? அளக்க வேண்டியது முறுக்கை, அதாவது இடுப்புப் பந்தைத் தாங்கும் எலும்புக் கழுத்து முழங்காலோடு ஒப்பிட்டால் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை. சாதா எக்ஸ்ரேயில் அது சரியாகப் பிடிபடாது, சிடி ஸ்கேன் வேண்டும்.

சேலத்தில் எந்த ஸ்கேன் சென்டரில் எடுத்தாலும் ஃபிலிம் கவரோடு திரும்பிவிடாதீர்கள். டைகாம் கோப்புகளை, அதாவது ஸ்கேனின் மூல டிஜிட்டல் படங்களை, கேட்டு வாங்குங்கள். இடுப்பும் முழங்காலும் கால் அசையாமல் ஒரே தடவையில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஸ்லைஸ், அதாவது ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின் தடிமன், 1 மி.மீ. என்றால் நல்லது, 5 மி.மீ. என்றால் மாடல் படிக்கட்டாக வரும்.

3டி ஸ்லைசர், ஸ்கேனிலிருந்து முப்பரிமாண மாடல் செய்யும் இலவச மென்பொருள். பழகவும் ஆய்வுக்கும் தாராளம். சிகிச்சை முடிவு டாக்டருடையது. அதன் செக்மென்ட் எடிட்டரில் த்ரெஷோல்டை (எந்த அடர்த்திக்கு மேல் எடுப்பது என்ற எல்லையை) 200 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடியின் அடர்த்தி அலகு) அருகே வைத்தால் எலும்பு பிரியும். இடுப்பு மூட்டில் மட்டும் பந்தும் கிண்ணமும் ஒட்டிக்கொண்டு வரும். அங்கே எரேஸரால் ஸ்லைஸ் ஸ்லைஸாக அறுத்துவிட்டு, தனித்தனித் துண்டுகளைப் பிரிக்கும் ஐலண்ட்ஸ் கருவியால் தொடை எலும்பை மட்டும் நிறுத்துங்கள். பொறுமையைச் சோதிக்கிற வேலை இது ஒன்றுதான்.

இப்போது நான்கு புள்ளிகள்: பந்தின் மையம், சிறு முண்டுக்குச் (கழுத்துக்குக் கீழே உள்பக்கம் துருத்தும் சிறு எலும்பு மேடு, லெஸர் ட்ரோகேன்டர்) சற்று மேலே கழுத்தின் அடிமையம், முழங்கால் பக்கம் இரண்டு குமிழ்களின் பின்கோடி.

ஆங்கிள் கருவியை மட்டும் தொடாதீர்கள். கழுத்து மேல்நோக்கியும் சாய்ந்திருப்பதால் அது வேறு கோணத்தைக் காட்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எலும்பு நேர் செங்குத்து என்று வைத்துக்கொள்வோம். கழுத்தடியிலிருந்து பந்து 35 மி.மீ. உள்ளே, 12 முன்னே, 40 மேலே. வெளிக்குமிழிலிருந்து உள்குமிழ் 50 உள்ளே, 4 முன்னே. நேரடிக் கோணம் சுமார் 49 டிகிரி! உயரத்தைத் தள்ளிவிட்டால் கழுத்து 19, குமிழ்க்கோடு 5 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு, வித்தியாசம் 14. அதுதான் முறுக்கு. எலும்பு சாய்ந்திருந்தால் முதலில் அதன் நீள அச்சைச் செங்குத்தாகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு 10 முதல் 20 வரை பொதுவாக இயல்பு. ஆனால் கழுத்துக்கோட்டை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். அதனால் நல்ல காலையும் அதே முறையில் அளந்துவிடுங்கள். இரண்டுக்கும் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால்தான் டாக்டர்கள் புருவம் உயர்த்துவார்கள். புள்ளிகளின் இடத்தைக் காட்டும் எண்களில், ஸ்லைசரில் ஆர் எண் நோயாளியின் வலப்பக்கம் போகப் போகக் கூடும். ஆகவே 'உள்ளே' என்பது வலக்காலில் ஆர் குறைவது, இடக்காலில் ஆர் கூடுவது.