அகல் விளக்கின் பொன்னிறம் படத்திலும் வர: ஒயிட் பேலன்ஸ் பழகுவோம்

கார்த்திகை அன்று வாசலில் அகல் ஏற்றிப் படம் எடுத்துப் பாருங்கள். கண்ணில் பட்ட பொன்னிறத்தில் பாதி படத்தில் இருக்காது. வெளிச்சத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் கேமரா அமைப்பான ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருப்பதுதான் காரணம். வெள்ளையை வெள்ளையாகக் காட்டுவது அதன் வேலை. நமக்கோ கோலமாவும் மஞ்சளாகத் தெரிய வேண்டும்.

முதலில் கோப்பு வகையை 'ரா'வுக்கு (RAW, கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) மாற்றுங்கள். அதில் எடுத்தால் நிறத்தைப் பிறகு தரம் குறையாமல் மாற்றலாம். ஜேபெக்கில் அந்த வசதி மிகக் குறைவு.

அடுத்து, மெனுவில் ஒயிட் பேலன்ஸைக் கெல்வினில் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அலகு) வையுங்கள். போனில் எடுப்பவர்கள் புரோ மோடில் பாருங்கள்.

இனிமேல்தான் பலரும் தடுமாறுவார்கள், நிதானமாகப் படியுங்கள். விளக்குச் சுடர் சுமார் 1,900 கெல்வின், பழைய குண்டு பல்பு 2,700 முதல் 3,200 வரை, நடுப்பகல் வெயில் 5,500, நிழல் 7,000க்கு மேல். கேமராவில் நீங்கள் வைக்கும் எண், "இங்கே இருக்கும் வெளிச்சம் இப்படிப்பட்டது" என்று அதற்குச் சொல்வது. 3,200 என்றால், வெளிச்சம் மஞ்சளாக இருக்கிறது என்று நம்பி நீலத்தைக் கூட்டும். 7,500 என்றால் மஞ்சளைக் கூட்டும். ஆக, எண் இறங்கினால் படம் நீலம், ஏறினால் மஞ்சள்.

இப்போது வாசலுக்கு வாருங்கள். சூரியன் மறைந்து கால் மணி நேரம், வானத்தில் நீலம் மிச்சமிருக்கும்போது விளக்கேற்றுங்கள். கேமராவை அசையாமல் படிக்கட்டில் வைத்து 3,200, 4,000, 5,500, 7,500 என நான்கு படம் எடுங்கள். 7,500இல் எல்லாமே காவி பூசியதுபோல் ஆகிவிடும், வானத்து நீலம் செத்துவிடும். எனக்குப் பிடித்தது 4,000. அதில் கோலத்தின் ஒரே இழை அகலுக்குப் பக்கத்தில் மஞ்சளாகவும், இரண்டு முழம் தள்ளி நீலமாகவும் இருக்கும். பெரிதாக்கிப் பாருங்கள், அவ்வளவு அழகு!

எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (பாதியாக) குறைக்க மறக்காதீர்கள். வெளிச்சம் மிஞ்சி வெளுத்துப்போன சுடருக்கு எந்த எண் வைத்தாலும் நிறம் திரும்பாது. விளக்கேற்றுபவர் முகமும் படத்தில் வருகிறதா? 3,000க்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் தோல் செக்கச்செவேலென்று ஆகிவிடும். பக்கத்தில் எல்இடி சீரியல் விளக்கு எரிந்து பச்சை அடித்தால், டின்ட்டை (பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் இடையே நிறத்தை நகர்த்தும் அமைப்பு) மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளினால் போதும்.

இதே வித்தையில் பகலை இரவாக்கவும் முடியும். வெயிலில் 3,200 வைத்து, இரண்டு ஸ்டாப் குறைத்து, வானம் சட்டத்துக்குள் வராமல் ஒரு தென்னந்தோப்பை எடுங்கள். நிலா வெளிச்சம்போல இருக்கும்.

படம் எடுத்து முடித்ததும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவுக்குத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் வெயிலில் எடுக்கும் படமெல்லாம் நீலம் பாய்ந்து நிற்கும்.