பைத்தான் 3.13க்கு மாறும் முன்: ஓய்வுபெறும் மாட்யூல்களைக் கண்டுபிடித்து மாற்றுவது எப்படி?

கடலூர் முதுநகரில் ஒரு மீன் மொத்தக் கடை. விடியற்காலை ஏலக் கணக்கைப் பதிய, பைத்தான் 3.9இல் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று அங்கே இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை நேராக 3.13இல் ஓட்டினால் இம்போர்ட் வரியிலேயே நின்றுவிடலாம். 2023 அக்டோபரில் வந்த 3.12, டிஸ்ட்யூட்டில்ஸ், இம்ப், ஏசின்கோர் ஆகியவற்றை நீக்கியது. ஓராண்டு கழித்து வந்த 3.13, சிஜிஐ, டெல்நெட்லிப், கிரிப்ட் உட்பட 19 பழைய மாட்யூல்களை (பைத்தானோடு கூடவே வரும், இம்போர்ட் செய்து பயன்படுத்தும் கோட் தொகுப்புகளை) மொத்தமாக எடுத்துவிட்டது.

படி 1: 3.11இல் நிறுத்துங்கள். மேலே சொன்ன எல்லா மாட்யூல்களும் 3.11இல் இன்னும் வேலை செய்யும், எச்சரிக்கையும் தரும். ஒரே தாவலாகத் தாவினால் அந்த எச்சரிக்கை கிடைக்காது, பிழை மட்டும்தான் கிடைக்கும். கோடை கிட்டில் கமிட் செய்துவிட்டு, 3.11க்குத் தனி விர்ச்சுவல் என்விரான்மென்ட் (மற்ற நிறுவல்களோடு கலக்காத தனிப் பைத்தான் சூழல்) போடுங்கள்.

படி 2: எச்சரிக்கையைத் திறந்துவிடுங்கள். டெப்ரிகேஷன் எச்சரிக்கை, அதாவது ‘இது ஓய்வுபெறப் போகிறது’ என்ற அறிவிப்பு, நீங்கள் நேரடியாக ஓட்டும் ஃபைலில் இருந்தால்தான் தானாகத் தெரியும். இம்போர்ட் செய்த ஃபைலில் இருந்தால் மறைந்துவிடும். பைத்தான் கட்டளையில் ஃபைல் பெயருக்கு முன், கழித்தல் குறியும் பெரிய டபிள்யூவும் சேர்த்து ‘டிஃபால்ட்’ என்று கொடுங்கள். எச்சரிக்கையைப் பிழையாக்கி ஓட்டத்தை நிறுத்தும் ‘எரர்’ எடுத்தவுடன் வேண்டாம். வெளி லைப்ரரி ஒன்றின் எச்சரிக்கையிலேயே எல்லாம் நின்று, உங்கள் கோடில் உள்ளவை தெரியாமல் போகும்.

ஃபைல் பாதையில் ‘சைட் பேக்கேஜஸ்’ என்று வந்தால் அது வெளி லைப்ரரியின் சிக்கல். உள்ளே கை வைக்காமல் புதிய பதிப்பை நிறுவுங்கள்.

படி 3: மாற்றுங்கள். இம்ப் இருந்த இடத்தில் இம்போர்ட்லிப். டிஸ்ட்யூட்டில்ஸுக்கு செட்டப்டூல்ஸ், 3.12 முதல் புதிய என்விரான்மென்ட்டில் அது தானாக வராது, பிப் மூலம் நிறுவ வேண்டும். இவை சுலபம். பிறகு 3.12க்கு ஏறி மறுபடி ஓட்டுங்கள். அங்கேதான் யூடிசிநவ் (இப்போதைய நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் தரும் டேட்டைம் ஃபங்ஷன்) பற்றிய எச்சரிக்கை புதிதாக வரும். இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

கடலூரில் காலை 4.30 என்றால் யூடிசியில் முந்தைய நாள் இரவு 11 மணி. யூடிசிநவ் அந்த நேரத்தைத் தரும், ஆனால் எந்த மண்டலம் என்ற அடையாளம் அதில் இராது. அதை விநாடி எண்ணிக்கையாக மாற்ற அதன்மேல் டைம்ஸ்டாம்ப் அழைத்தால் பைத்தான் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். இந்திய நேரம் வைத்த லேப்டாப்பில் விடை 19,800 விநாடி பிசகும். யூடிசி வைத்த சர்வரில் சரியாக வரும். இப்படி இடத்துக்கு இடம் மாறும் பிழையைப் பிடிப்பது கடினம். ஓய்வு கொடுத்தது நியாயமே.

மாற்று: டேட்டைம் நவ்வுக்குள் டைம்ஜோன் யூடிசியைக் கொடுப்பது. அதோடு முடியவில்லை. டேட்டாபேஸில் உள்ள பழைய நேரங்களில் அடையாளம் இல்லை, புதியவற்றில் உண்டு. இரண்டையும் பெரிது சிறிது பார்த்தால் டைப்எரர் வரும். சமமா என்று கேட்டாலோ பிழையே வராது, பேசாமல் ‘ஃபால்ஸ்’ தரும், ஆபத்து இதில்தான். பழைய நேரங்களுக்கு ரிப்ளேஸ் மூலம் யூடிசி அடையாளம் ஒட்டுங்கள். அஸ்டைம்ஜோன் போட்டால் அவற்றை உள்ளூர் நேரமாக நினைத்து நகர்த்திவிடும்.

ஐந்தரை மணி நேரத்தைக் கையால் கூட்டிய வரிகளையும் தேடி நீக்குங்கள். நாள்வாரி ஏலக் கணக்குக்கு, நேர மண்டல மாட்யூலான ஜோன்இன்ஃபோவில் ‘ஏசியா/கொல்கத்தா’ கொடுத்து நேரத்தை மாற்றிய பிறகே தேதியைப் பிரித்தெடுங்கள். விண்டோஸில் நேர மண்டலத் தகவல் தரும் டிஇஸட்டேட்டா பேக்கேஜும் நிறுவ வேண்டும்.

படி 4: உங்கள் சொந்த ஃபங்ஷனை ஓய்வுபெறச் செய்ய, அதற்குள் வார்னிங்ஸ் வார்ன் அழையுங்கள்; வகை டெப்ரிகேஷன்வார்னிங், ஸ்டாக்லெவல் 2. இந்த 2ஐ விட்டால் எச்சரிக்கை உங்கள் ஃபைலின் வரியைக் காட்டும், அழைத்தவர் தன் கோடில் எங்கே திருத்துவது என்று தெரியாமல் திண்டாடுவார். மாற்று ஃபங்ஷனின் பெயரும், எந்தப் பதிப்பில் பழையது நீங்கும் என்பதும் செய்தியில் கட்டாயம் இருக்கட்டும். 3.13இல் இதற்கென்றே வார்னிங்ஸ் மாட்யூலில் டெப்ரிகேட்டட் டெகரேட்டர் (ஃபங்ஷனுக்கு மேலே ஒரு வரியாகப் போடும் குறி) உண்டு.

எல்லாம் அடங்கிய பிறகு டெஸ்ட்களை ‘எரர்’ கொடுத்து ஓட்டுங்கள். அவை தேறினால் 3.13க்கு ஏறலாம்.