லைட் அணைஞ்சாலும் பெல்ட்டை கழட்டாதீங்க

பிளேன்ல சீட் பெல்ட் லைட் அணைஞ்ச உடனே டக்குனு கழட்டி விடுற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, தயவுசெஞ்சு அதை மட்டும் விட்டுடுங்க. காக்பிட்ல உக்காந்து ஓட்டுறவன்ங்கிற முறையில சொல்றேன், எங்க வெதர் ரேடார் மழைத்துளியை வச்சுதான் மேகத்தை காட்டும், மேகமே இல்லாத தெளிஞ்ச வானத்துல வர்ற டர்புலன்ஸ், அதாவது காத்து தாறுமாறா அடிச்சு பிளேனை குலுக்குறது, அதுல தெரியவே தெரியாது, முன்னாடி போன ஃப்ளைட்காரங்க ரேடியோல சொன்னா உண்டு, இல்லேன்னா குலுங்கும்போதுதான் பல நேரம் எங்களுக்கே தெரியும்.

2024 மே மாசம் லண்டன்ல இருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஃப்ளைட் எஸ்கியூ 321 மியான்மர் மேல 37,000 அடியில குலுங்குச்சே, அதுல பெல்ட் லைட் போட்டு 8 செகண்ட்தான் ஆச்சு, அதுக்குள்ள ஆளுங்க சீலிங் வரைக்கும் தூக்கி வீசப்பட்டு ஒருத்தர் உயிரே போயிடுச்சு. 8 செகண்ட்ல யாரால பெல்ட்டை தேடி மாட்ட முடியும் சொல்லுங்க?

அதனால உக்காந்திருக்குற வரைக்கும் பெல்ட் போட்டே இருங்க, வயித்து மேல இல்லாம இடுப்பெலும்பு மேல படுற மாதிரி. தூங்கப் போறீங்கன்னா போர்வைக்கு மேல மாட்டுங்க, க்ரூ வந்து செக் பண்றதுக்காக உங்களை எழுப்ப வேண்டியிருக்காது.

குலுக்கல்னாலே பயம்னா றெக்கை பக்கத்து சீட்டா பாத்து எடுங்க, வால் பக்கம்தான் ஆட்டம் ஜாஸ்தி. முடிஞ்சா காலை ஃப்ளைட் போடுங்க, வெயில் ஏற ஏறத்தான் இடிமேகம் கட்டும்.