செட்டைக் குறை சொல்லும் முன்: சிபி, பத்து மீட்டர் ரேடியோக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து மீட்டர் செட் (28 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடும், பேசவும் கேட்கவும் செய்யும் ரேடியோ) வாங்க நினைப்பவர் முதலில் செய்வது, ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் விசாரிப்பதுதான். "அந்த மாடல் வேண்டாமுங்க, ஆறே மாசத்துல ஃபைனல் போயிடும்" என்பார் ஒருவர். (ஃபைனல் என்பது ஆன்டெனாவுக்குப் பவர் அனுப்பும் கடைசி ட்ரான்சிஸ்டர்.) அதே மாடலை வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர் பக்கத்து ஊரிலேயே இருப்பார். அவரை யாரும் கேட்பதில்லை. அவரும் தானாக வந்து சொல்வதில்லை. முதல் தவறே இங்கேதான் நடக்கிறது. "போயிடுச்சு" என்று சொல்பவரிடம், எந்த வோல்டேஜில் ஓட்டினீர்கள், எஸ்.டபிள்யூ.ஆர் (ஆன்டெனாவிலிருந்து பவர் திரும்பி வருவதைக் காட்டும் அளவு) எவ்வளவு இருந்தது, மூடியைத் திறந்து யாராவது திருகினார்களா என்று கேளுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து நண்பர்கள் கொண்டுவரும் பழுதான செட்டுகளைத் திறந்து பார்க்கிறவன் நான். கம்பெனி செய்த கோளாறைவிட, நாம் மாட்டிய விதத்தால் வந்த கோளாறுதான் அவற்றில் அதிகம்.

சட்டத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 27 மெகாஹெர்ட்ஸ் சிபி (சிட்டிசன் பேண்ட், பொதுமக்களுக்கான) அலைவரிசையை 5 வாட் வரம்புக்குள் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005-இல் விதி வந்தது. 28 முதல் 29.7 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பத்து மீட்டர் அப்படியில்லை. அது ஹாம்களுக்கு, அதாவது லைசென்ஸ் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு உரியது. தேர்வு எழுதி, கால்சைன் (நிலையத்துக்கான அழைப்புப் பெயர்) வாங்கிய பிறகுதான் பிடிடி-யை, அதாவது மைக்கில் பேச அழுத்தும் பொத்தானை, அழுத்த வேண்டும். பார்க்க சிபி மாதிரியே இருக்கும் ரேஞ்சர், எனிடோன், பிரசிடென்ட் லிங்கன் போன்ற பத்து மீட்டர் செட்டுகளை உள்ளே ஒரு ஜம்பரை (சிறு இணைப்பை) மாற்றி 27-க்கும் இறக்கிவிடுவது உலகம் முழுக்க நடக்கிறது. அது விதிமீறல். அதோடு, 28-க்கு டியூன் செய்த சுற்றுகள் கீழே போகும்போது அதே பவரைத் தருவதில்லை. பவர் குறைகிறதே என்று அடுத்து ஸ்க்ரூடிரைவரை எடுப்பார்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நம் பக்கத்துக்கு முக்கியமானது வோல்டேஜ். நாமக்கல், சங்ககிரி லாரிகளையும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாகப் போட்ட 24 வோல்ட் வண்டிகள் அவை. வண்டி ஓடும்போது சார்ஜிங் 28 வோல்ட்டைத் தொடும். செட்டோ 13.8 வோல்ட்டுக்குச் செய்தது. 12, 24 இரண்டிலும் ஓடும் மாடல்கள் சில உண்டு. செட்டின் பின்பக்கம் அப்படி எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள். மற்றதை நேராக மாட்டினால் அன்றோடு சரி.

இது தெரிந்தவர்கள் செய்யும் தவறு வேறு. இரண்டு பேட்டரியில் கீழே உள்ள ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துவிடுவார்கள். செட் நன்றாகவே ஓடும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் கூடுதலாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்து சார்ஜ் செய்வதால் மற்றொன்றுக்கு சார்ஜ் மிகையாகப் போகும். கடைசியில் இரண்டு பேட்டரியும் கெட்டு, பழி ரேடியோ மேல் விழும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போடுவதுதான் முறை. மலிவான கன்வெர்ட்டர் ரிசீவரில் இரைச்சலைக் கொட்டும் என்பதால், வாங்கும் முன் செட்டை மாட்டிக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வயர். டிராக்டர் லைட்டுக்குப் போடும் மெல்லிய வயரையே செட்டுக்கும் இழுத்துவிடுகிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், பேட்டரியிலிருந்து செட்டுக்கு 5 மீட்டர், திரும்ப 5 மீட்டர். செட் 10 ஆம்பியர் இழுத்தால் வயரிலேயே 1.7 வோல்ட் போய்விடும். பேட்டரியில் 12.4 இருந்தாலும் செட்டுக்குக் கிடைப்பது 10.7 தான். எஸ்.எஸ்.பி முறையில் பேசும்போது குரல் நடுங்கும், திரை மங்கும், சில செட்டுகள் பேசும்போதே அணைந்து எழும். "இந்த மாடல் தானா ரீசெட் ஆகுதுங்க" என்று கேள்விப்படும் புகார்களில் பல இந்த வகைதான். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும்.

ஃபியூஸ் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிளஸ், மைனஸ் மாறி மாட்டிவிட்டால் செட்டைக் காப்பாற்றுவதற்கென்றே உள்ளே ஒரு டயோடு இருக்கும். அது ஷார்ட்டாகி ஃபியூஸை எரித்துவிடும், செட் தப்பும். ஆனால் ஃபியூஸ் இருந்த இடத்தில் வெள்ளித்தாளைச் சுற்றியிருந்தாலோ, 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டிருந்தாலோ, டயோடோடு போர்டின் செம்புப் பாதையும் சேர்ந்து கருகும். செட்டில் எழுதியுள்ள அளவு ஃபியூஸையே போடுங்கள், வண்டியிலேயே இரண்டு உதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஸ்க்ரூடிரைவர். செட் வாங்கிய மறுநாளே அதை யாரிடமாவது கொடுத்துப் "பவர் ஏற்றி" வாங்குவது ஒரு வழக்கம். இதைப் போல நல்ல செட்டுகளைக் கொன்ற பழக்கம் வேறில்லை. ஏ.எம் முறையில் 4 வாட் கேரியரை (குரலைச் சுமந்துபோகும் அலையை) முழுதாக மாடுலேட் செய்தால், அதாவது குரலை அதன் மேல் முழு அளவில் ஏற்றினால், உச்சத்தில் 16 வாட் தேவைப்படும். கேரியரை 20 வாட்டுக்கு ஏற்றினால் உச்சத்தில் 80 வாட் வேண்டும். உள்ளே இருக்கும் ட்ரான்சிஸ்டர் அதற்கு எங்கே போகும்? மீட்டரில் எண் பெரிதாகத் தெரியும். எதிரில் கேட்பவருக்குக் குரல் தட்டையாக, கரகரவென்று விழும். ஹீட் சிங்க் கை வைக்க முடியாமல் கொதிக்கும். இவ்வளவுக்கும் கிடைக்கும் லாபம் என்ன? பவரை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல், எதிர்ப்பக்கத்து எஸ் மீட்டரில் (சிக்னல் பலத்தைக் காட்டும் மீட்டர்) அரை எஸ். ஒரு முழு எஸ் ஏற நான்கு மடங்கு பவர் வேண்டும். அந்த லாபத்தை ஆன்டெனாவைக் கொஞ்சம் உயர்த்தியே பெற்றுவிடலாம், செட்டுக்குக் காய்ச்சல் வராமல்.

குரல் அளவு மீறாமல் தடுக்கும் லிமிட்டரை வெட்டிவிடுவதும் இதே ரகம். அதனால் குரல் தூரம் போவதில்லை, பக்கத்து அலைவரிசைகளுக்குத்தான் சிதறும்.

ஃபைனல் போன பிறகு செய்யும் தவறு ஒன்றும் உண்டு. பழைய செட்டுகளில் இருந்த 2எஸ்சி1969, 2எஸ்சி2879 போன்ற ட்ரான்சிஸ்டர்களின் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. அதே பெயர் அச்சடித்த போலிகள் சந்தையில் நிறைய. விலை மலிவு என்று வாங்கிப் போட்டால் முதல் "ஹலோ"விலேயே போகும். இப்போதைய செட்டுகள் பலவற்றில் ஐஆர்எஃப்520 மாதிரி மாஸ்ஃபெட் (வேறு வகை ட்ரான்சிஸ்டர்) இருக்கிறது. அது பவர் சப்ளை வேலைக்கென்று வந்த பாகம். அளவோடு ஓட்டினால் ரேடியோவிலும் உழைக்கும், விரட்டினால் தாங்காது. பழைய ட்ரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாஸ்ஃபெட்டை அப்படியே வைக்கவும் முடியாது. அதை இயங்கு நிலையில் வைக்கும் பயாஸ் வோல்டேஜையே மாற்றி அமைக்க வேண்டும். இது தெரியாத மெக்கானிக்கிடம் கொடுத்தால் செட் திரும்பத் திரும்பப் பழுதாகும். "இந்த மாடலே இப்படித்தான்" என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பும்.

ஆன்டெனா பக்கம் வந்தால், எஸ்.டபிள்யூ.ஆர் பார்க்காமல் பேசுவதுதான் பெரிய தவறு. 1.5 இருந்தால் திரும்பி வரும் பவர் 4 சதவீதம், 2-க்கு 11, 3-க்கு 25. இரண்டுக்குள் இருந்தால் கவலைப்படாமல் பேசுங்கள். அதை 1.1 ஆக்குவதற்காக வாரக்கணக்கில் ஆன்டெனாவை வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்றைத் தாண்டினால் பிடிடி-யில் கை வைக்காதீர்கள். வண்டியில் காந்த அடி ஆன்டெனா வைப்பவர்கள் இரும்புக் கூரையின் நடுவில் வைக்க வேண்டும். பம்பர் ஓரத்தில் வைத்துவிட்டு செட்டைத் திட்டிப் பயனில்லை.

எஸ்.டபிள்யூ.ஆர் நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துபோகும் சந்தர்ப்பமும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. மொட்டை மாடியில் உள்ள பிஎல்-259 கனெக்டர் நீர் புகாதது அல்ல. சாதாரணக் கறுப்பு டேப் சுற்றினால் நம் சித்திரை வெயிலில் பசை உருகி, ஐப்பசி மழைக்குள் பிரிந்துவிடும். தண்ணீர் கோஆக்ஸ் (ஆன்டெனா கேபிள்) உள்ளே இருக்கும் கம்பி வலைக்குள் இறங்கினால் கேபிள் பவரைத் தின்ன ஆரம்பிக்கும். போகும்போதும் தின்னும், திரும்பி வரும்போதும் தின்னும். ஆகவே மீட்டரில் திரும்பி வருவது குறைவாகத் தெரிந்து எஸ்.டபிள்யூ.ஆர் முன்பைவிட அழகாகக் காட்டும்! சந்தேகம் வந்தால் கேபிளின் மேல்முனையில் டம்மி லோடும் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கிக்கொள்ளும் பெட்டி) பவர் மீட்டரும் மாட்டி, எவ்வளவு வந்து சேர்கிறது என்று பாருங்கள். மூட்டுகளுக்குத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்தான் சரி. உடுமலை, பல்லடம் பக்கம் ஆடிக்காற்று கம்பத்தை ஆட்டி, மூட்டுக்குள் சால்டரையே விரிசல் விடவைக்கும்; காற்றுக்காலம் முடிந்ததும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுங்கள்.

இடி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஏப்ரல், மே கோடை மழையில் இடி பக்கத்தில் எங்கோ விழுந்தாலே போதும், ரிசீவரின் முன்பக்கத்து டயோடும் ட்ரான்சிஸ்டரும் சத்தமில்லாமல் அடிபடும். செட் பேசும், ஆனால் கேட்காது. "இந்த மாடலுக்குக் காது மந்தம்" என்பார்கள். மேகம் கறுக்கும்போதே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள். கம்பத்துக்கு எர்த் கம்பி இறக்குங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு கழற்றப் போகாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

சோமனூர், பள்ளிபாளையம் மாதிரி விசைத்தறி ஊர்களில் இருப்பவர்களுக்கு இரைச்சலும் பஞ்சுத் தூசியும் கூடுதல் தொல்லை. இரைச்சல் செட்டில் பிறக்கிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்று அறிய ஆன்டெனாவைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் செட் மேல் குற்றமில்லை. எல்.இ.டி பல்பு, மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, சோலார் இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துத் தேடலாம். ஃபேன் உள்ள செட்டைத் தூசி தட்டி வையுங்கள். மைக் வயர்தான் எல்லாச் செட்டிலும் முதலில் அறுவது. வேறு மைக் மாட்டும்போது பின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் உள்வயரிங் மாடலுக்கு மாடல் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

வானத்தின் குற்றத்தைச் செட் மேல் சுமத்துவதும் நடக்கிறது. பத்து மீட்டர் சூரியனை நம்பிய அலைவரிசை. 2019 டிசம்பரில் தொடங்கிய 25-ஆவது சூரியச் சுழற்சி 2024 வாக்கில் உச்சத்தைத் தொட்டது. அப்போது சில வாட்டிலேயே கண்டம் தாண்டிப் பேசியவர்கள், சுழற்சி இறங்க இறங்க அதே செட்டில் வெறும் இரைச்சலைத்தான் கேட்பார்கள். விற்றுவிட்டு வேறு வாங்கினாலும் அதே நிலைதான். செட்டைச் சோதிக்க 28.200 மெகாஹெர்ட்ஸை வைத்துக் கேளுங்கள். உலகின் பல மூலைகளில் உள்ள 18 பீக்கன் நிலையங்கள் (தானாகவே அடையாளச் சிக்னல் அனுப்புபவை) தலா பத்து வினாடி வீதம், மூன்று நிமிடச் சுற்றாக மோர்ஸில் ஒலிக்கும்படி அமைத்த வரிசை அது. ஒவ்வொன்றும் 100 வாட்டில் தொடங்கி 0.1 வாட் வரை இறங்கும். ஜப்பானோ கென்யாவோ கேட்டால் உங்கள் ரிசீவர் நன்றாக இருக்கிறது. எதுவுமே கேட்காவிட்டால், அதே நேரத்தில் பக்கத்து ஊர் ஹாமுக்குக் கேட்கிறதா என்று ஃபோனில் விசாரித்துவிட்டுப் பிறகு மூடியைக் கழற்றுங்கள்.