புது பிரேக் பேடை முதல் நாளே சோதித்துக் கெடுக்காதீர்கள்

கடலூர் முதுநகரில் உள்ள என் பட்டறைக்குத் தொழில் பழக வரும் பையன்கள், நான் இருபது வயதில் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை அழுத்தி நிறுத்தும் பேடில் கிரீஸ் படக்கூடாது என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

மாட்டியதும் ஓங்கி மிதிப்பது

இன்றும் எனக்கு ஆத்திரமூட்டுவது இதுதான். புது பேடை மாட்டி, தெருவில் வேகமெடுத்து, ஓங்கி மிதித்து, வண்டி நின்ற பிறகும் காலை எடுக்காமல் நிற்பார்கள். "நன்றாகப் பிடிக்கிறது அண்ணா!" சூடேறிய பேட் ஒரே இடத்தில் அழுந்தி நிற்பதால், அதன் பொருள் டிஸ்கில் திட்டாக ஒட்டிக்கொள்கிறது. சில நாளில் பிரேக் போடும்போது ஸ்டியரிங் நடுங்கும். உடனே, "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று தீர்ப்பு.

நானும் ஒரு மீன் வியாபாரிக்கு அப்படித்தான் சொன்னேன். அவரும் என்னை நம்பி இரண்டு புது டிஸ்குகள் வாங்கினார். கழற்றிய டிஸ்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பேடின் வடிவத்திலேயே ஒரு கருத்த திட்டு. கனத்தை அளந்தால், டிஸ்கில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவைவிட நிறையவே மிச்சம் இருந்தது. அந்தப் பணத்தை இரண்டு தவணையில் திருப்பிக் கொடுத்தேன்.

புது பேடின் மெல்லிய படலம் டிஸ்க் முழுவதும் சீராகப் படிந்தால்தான் முழுப் பிடிப்பு வரும். விடியற்காலையில் காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறையுங்கள்; நிறுத்தாதீர்கள். இடைவெளி விட்டு இருபது முறை செய்த பிறகு, பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள்.

பேடைச் சோதிப்பது அதன் பிறகுதான். அடுத்தடுத்து சில முறை 60லிருந்து பிரேக் போடுங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி வழுக்கிக்கொண்டு போனால், சூட்டில் பேட் பிடிப்பை இழக்கிறது. பெடலே பஞ்சுபோல் உள்ளே போனால் பேடைக் குறை சொல்லாதீர்கள். பிரேக் ஆயில் கொதிக்கிறது. டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது

கூடவே கூடாது.

ஸ்லைடு பின்னை மறப்பது

நம் ஊர் உப்புக்காற்றில் பேடை அழுத்தும் காலிபர் நகர உதவும் ஸ்லைடு பின் சீக்கிரம் இறுகிவிடும். கழற்றிய இரண்டு பேடையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்பக்கத்தது காகிதமாகத் தேய்ந்து, வெளிப்பக்கத்தது அப்படியே இருந்தால் முதலில் பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்கான கிரீஸ் தடவுங்கள். விரலால் தள்ளினால் நகர வேண்டும். அதுவரை புது பேட் பெட்டியைப் பிரிக்காதீர்கள்.